பனிக்கால வாசிப்புக்கு வடதேசக் குற்றக் கதைகள்: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் படிப்பது?

முகிலரசி:
டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஆறு வாரம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து குற்றப் புனைவுகளை மட்டும் படிப்பது என்று பட்டியல் போடுகிறேன். ஸ்டீக் லார்சனின் மூன்று நாவல்களும் படித்து முடிந்தது. கதை உண்மையிலேயே குளிர்காலத்தில் நடக்க வேண்டும், அட்டையில் மட்டும் பனி இருந்தால் போதாது. தொடர் என்றால் எந்த இடத்தில் நுழைந்தால் முன்கதை கெடாது என்று தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் கிடைக்க வேண்டும். இணையத்தில் உள்ள 'சிறந்த பத்து' பட்டியல்கள் ஐந்தாம் பாகத்தையும் எட்டாம் பாகத்தையும் தனி நாவல் போலப் போட்டிருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முடிவுகளை உடைக்க வேண்டாம்.

வெள்ளாறு:
அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல், போலீஸ் அதிகாரி வல்லாண்டரை வைத்து எழுதிய வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991 முதல் 1998 வரை எட்டு நாவல்கள். அவற்றில் நட்டநடுக் குளிர்காலத்தில் தொடங்குபவை இரண்டுதான். 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்' 1990 ஜனவரியில், 'த டாக்ஸ் ஆஃப் ரிகா' 1991 பிப்ரவரியில். 'சைட்ட்ராக்ட்' முழுக்கக் கோடை. 'ஒன் ஸ்டெப் பிஹைண்ட்' தொடங்குவதே ஜூன் மாத நடுக்கோடைத் திருவிழா இரவில். ஆனால் நாலைந்து பதிப்புகளின் அட்டையில் பனி கொட்டும்.

இன்னொன்று. கதை நடக்கும் யூஸ்டாட் நகரம் ஸ்வீடனின் தென்கோடி. அங்கே ஜனவரி என்றால் பெரும்பாலும் கடற்காற்று, சேறு, அரைகுறையாக உருகிய பனி. முதல் நாவலில் வல்லாண்டர் புயல் எப்போது வரும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பனிக்குவியலை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம். எப்போது வரும் என்ற பதற்றம்தான் அங்கே பருவநிலை. அதற்காகவே எனக்கு அந்த முதல் நாவல் பிடிக்கும்.

வரிசைக் குழப்பம் இங்கேதான் மோசம். ஆங்கிலத்தில் முதலில் வந்தது முதல் நாவல்தான், 1997-ல். அடுத்து மூன்றாவது நாவல், பிறகு ஐந்தாவது, ஆறாவது. இரண்டாவதான ரிகா நாவல் 2001-ல்தான் வந்தது. ரிகாவில் அவர் சந்திக்கும் பைபா என்ற பெண், ஐந்தாம் நாவலில் ஏற்கெனவே அவர் வாழ்க்கையில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர்களுக்கு யார் இவள் என்றே புரியவில்லை. நான்காவதான 'த மேன் ஹூ ஸ்மைல்ட்' 2005 வரை காத்திருந்தது. ஆன்-பிரிட் ஹோக்லுண்ட் என்ற இளம் அதிகாரி குழுவில் சேர்வது அதில்தான். அதற்கு முன்பே மூன்று நான்கு புத்தகங்களில் அவளைப் பழைய சக ஊழியராகப் படித்து முடித்திருப்பார்கள்.

இப்போது எல்லாமே கிடைக்கின்றன, மூலம் வெளியான ஆண்டு வரிசையிலேயே போங்கள். 'த பிரமிட்' கதைகள் காலத்தால் முந்தியவை என்றாலும் எட்டு நாவலுக்குப் பிறகு படிக்க வேண்டியவை. 'த ட்ரபிள்ட் மேன்' கடைசி, அதை முன்னால் தொடவே கூடாது.

தாழிசை:
மான்கெலுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. மை ஷோவல், பேர் வாலோ என்ற ஸ்வீடிஷ் எழுத்தாளர் இணை. 1965 முதல் 1975 வரை ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து நாவல், நடுவில் ஓராண்டு இடைவெளி. பத்துக்கும் சேர்த்து 'ஒரு குற்றத்தின் கதை' என்று பொதுத்தலைப்பு. தலா முப்பது அத்தியாயம் வீதம் முந்நூறு அத்தியாயம் கொண்ட ஒரே நாவல் என்று திட்டமிட்டுத்தான் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு அத்தியாயமாக மாற்றி மாற்றி எழுதினார்கள். பத்தாவது நாவல் வந்த 1975-ல் வாலோ இறந்துவிட்டார். பதினோராவது கிடையாது.

உங்களுக்கு 'த லாஃபிங் போலீஸ்மேன்' சரியாக இருக்கும். வரிசையில் நான்காவது, 1968. நவம்பர் இரவு, ஸ்டாக்ஹோமில் கொட்டும் மழை. நகரத்துப் போலீஸ் பாதிப்பேர் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன் வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலத்தைத் தடுத்துக்கொண்டிருக்க, வேறொரு மூலையில் மாடிப் பேருந்து ஒன்றுக்குள் துப்பாக்கிச் சூடு. விசாரணை கிறிஸ்துமஸைத் தாண்டி நீளும். தலைப்பு எங்கிருந்து வருகிறது என்பது கிறிஸ்துமஸ் காட்சியில் தெரியும். மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அமெரிக்காவின் எட்கர் குற்றப்புனைவு விருது கிடைத்தது இதற்குத்தான், 1971-ல்.

நான்காவதாக இருந்தும் தனியாகப் படிக்கலாமா என்றால், படிக்கலாம். ஆனால் முதலாவதான 'ரோசன்னா' சிறியது, சுமார் 250 பக்கம். துப்பறியும் போலீஸ்காரர்களான மார்ட்டின் பெக், கோல்பெரி, மெலாண்டர் யார் யார் என்று அதில் பழகிவிட்டால் பேருந்து நாவலில் குழுவைப் பிரித்து அனுப்பும்போது தடுமாற்றம் இருக்காது. 'ரோசன்னா' ஜூலையில் தொடங்கி ஜனவரிக் குளிரில் முடிகிறது. ஆறு வாரத் திட்டத்துக்கு அது நல்ல வாசல்.

குமரன்_திருச்சி:
'ரோசன்னா' எடுத்து எண்பது பக்கத்தில் வைத்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள். புதிதாக வருபவரை அங்கே அனுப்புவது சரியா?

தாழிசை:
குமரன், அவர்கள் வைத்த இடம் சரியாக அந்தக் கதை தொடங்கும் இடம். யோட்டா கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்றே தெரியாது. பெயர் தெரியவே மாதக்கணக்காகிறது, அதுவும் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்து வரும் தகவலால். பிறகு அவள் பயணித்த சுற்றுலாப் படகில் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டவர்களை உலகம் முழுக்கத் தேடி, அவர்கள் எடுத்த போட்டோக்களையும் சினிமாச் சுருள்களையும் வரவழைத்து, ஒவ்வொரு படத்திலும் அவள் எங்கே நிற்கிறாள், பக்கத்தில் யார் என்று பார்க்கிறார்கள். கடிதம் போய் வர நாள் ஆகிறது. அந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டால் அந்தச் சுருள் ஓடும் காட்சிக்கு உயிரே கிடையாது.

நடைமுறையாகச் சொன்னால் நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று படிக்காதீர்கள். அத்தியாயங்கள் ஏழெட்டுப் பக்கம்தான். ஒரு உட்காரலில் ஐந்தாறு போனால் மெதுவாக இருப்பதே தெரியாது. துண்டு துண்டாகப் படிப்பவர்களுக்குத்தான் இழுக்கிறது.

ரயிலடி செல்வன்:
யூ நெஸ்போவைப் பற்றி ஒருவர் சொல்லட்டும் என்று பார்த்தேன். பனிக்கால வாசிப்பு என்றால் எல்லோரும் நேரே 'த ஸ்னோமேன்' என்பார்கள். ஓஸ்லோ போலீஸ் அதிகாரி ஹாரி ஹூலே வரிசையில் 2007-ல் வந்த ஏழாவது நாவல் அது. முதல் பனி விழும் இரவில் ஒரு பெண் காணாமல் போகிறாள், வீட்டு முற்றத்தில் பனிமனிதன். தனியாகப் படித்தாலும் புரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹாரிக்கும் அவர் காதலி ராக்கலுக்கும் இடையே என்ன நடந்தது என்று தெரியாமல் படித்தால் கடைசி ஐம்பது பக்கத்தின் கனம் பாதி போய்விடும்.

உண்மையான பள்ளம் வேறு இடத்தில். மூன்றாவது 'த ரெட்பிரெஸ்ட்', நான்காவது 'நெமிஸிஸ்', ஐந்தாவது 'த டெவில்ஸ் ஸ்டார்'. இந்த மூன்றுக்கும் குறுக்கே காவல்துறைக்கு உள்ளேயே ஒரு விவகாரம் ஓடுகிறது. வாசகருக்கு மூன்றாவதிலேயே தெரியும், ஹாரிக்குத் தெரியாது, ஐந்தாவதில் முடிகிறது. ஆங்கிலத்தில் இவற்றில் முதலில் வந்தது எது தெரியுமா? ஐந்தாவது, 2005-ல். மூன்றாவது 2006, நான்காவது 2008. முடிவை முதலில் கொடுத்துவிட்டுத் தொடக்கத்தை அடுத்த வருடம் கொடுத்தார்கள். பழைய பட்டியல்கள், பழைய விமர்சனங்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நூலகத்தில் வெளியீட்டு ஆண்டை வைத்து அடுக்கியிருந்தால் அதுவும் தப்பு. பக்கத்தைத் திருப்பி நார்வேஜிய மூலம் எந்த ஆண்டு என்று பாருங்கள். 2000, 2002, 2003 என்று வர வேண்டும்.

முதல் இரண்டும் சிட்னியிலும் பாங்காக்கிலும் நடப்பவை, ஆங்கிலத்தில் 2012, 2013-ல்தான் வந்தன. குளிர் வாசிப்புக்கு அவை வேண்டாம். 'த ரெட்பிரெஸ்ட்' தொடக்கமாக வைக்கலாம். அதில் லெனின்கிராட் அருகே இரண்டாம் உலகப்போர்ப் பதுங்குகுழிகளில் ஜெர்மானியர் பக்கம் நின்ற நார்வேஜியத் தன்னார்வலர்களின் குளிர்காலம் வருகிறது. நார்வே பேச விரும்பாத விஷயம் அது. அந்தப் பகுதிகளைத்தான் நெஸ்போ எழுதியதிலேயே சிறந்தது என்பேன்.

டிசம்பருக்கு என்று ஒன்றே ஒன்று கேட்டால், ஆறாவதான 'த ரிடீமர்'. கிறிஸ்துமஸுக்கு முன் ஓஸ்லோவின் ஏகர் சதுக்கத்தில் இரட்சண்ய சேனையின் தெருக்கச்சேரி. கூட்டத்துக்குள் ஒரு கொலை. சுட்டவன் அன்றிரவே நாட்டை விட்டுப் போக வேண்டியவன், பனிப்பொழிவால் விமானம் இல்லை. அந்த ஒரு இரவின் பனி இல்லாவிட்டால் நாவலே இல்லை. பருவநிலையைக் கதைக்கு அச்சாணியாக வைப்பது என்றால் இதுதான்.

2017 படத்தைப் பார்த்துவிட்டு ஸ்னோமேனை ஒதுக்க வேண்டாம். திரைக்கதையில் ஒரு பகுதியைப் படமாக்கவே முடியாமல் போனது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

சாந்தினி (ஓஸ்லோ):
ஹாரி ஹூலே எண்டு செல்வன் அண்ணை சரியா எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில 'ஹோல்' எண்டு வாசிக்கிற ஆக்கள்தான் கூட. யூ எண்டதுதான் எழுத்தாளரின்ர பெயரும், 'ஜோ' இல்லை. å எழுத்தைக் கண்டால் 'ஓ' எண்டு வாசியுங்கோ, Åsa எண்டது ஓசா. இதால தேடுறதிலும் ஒரு சிக்கல் இருக்கு. நோர்வே, டென்மார்க் அகரவரிசையில æ, ø, å மூண்டும் z-க்குப் பிறகுதான் வரும். சுவீடனில å, ä, ö. இஞ்சத்தைய நூலகப் பட்டியலில சுவீடன் எழுத்தாளர் ஓசா லார்சனை லார்சன்களின்ர தொடக்கத்தில தேடினால் கிடையாது, கடைசிக்குப் போகவேணும்.

நோர்வேயில குற்றக்கதை வாசிக்கிற பருவம் கிறிஸ்மஸ் இல்லை. ஈஸ்டர். அதுக்கெண்டே 'போஸ்கெக்ரிம்' எண்டு ஒரு சொல்லு இருக்கு, ஈஸ்டர்க் குற்றக்கதை. 1923 மார்ச் 24, ஈஸ்டருக்கு முந்தின கிழமை. ஆப்டன்போஸ்டன் பத்திரிகையின்ர முதல் பக்கத்தில பேர்கன் ரயில் இரவு கொள்ளையடிக்கப்பட்டது எண்டு தலைப்பு. சனம் பதறி விசாரிச்சது. பார்த்தால் அது நோர்டால் கிரீக், நில்ஸ் லீ ரெண்டுபேரும் புனைபெயரில எழுதின நாவலின்ர விளம்பரம். அண்டையில இருந்து ஈஸ்டர் எண்டால் மலைக்குடிசை, பனிச்சறுக்கு, தோடம்பழம், குற்றக்கதை. பால் பெட்டியிலயே படக்கதையாத் துப்பறியும் கதை அச்சடிச்சு வரும். மலையில ஏப்ரலிலும் ஆளுயரப் பனி இருக்கிறதால அதுவும் பனிக்கால வாசிப்புத்தான்.

அந்த ரயில் பாதையிலேயே இன்னொரு நாவல், அன்ன ஹோல்ட் எழுதின '1222'. ஃபின்சே எண்ட இடம் கடல்மட்டத்தில இருந்து 1222 மீற்றர், நோர்வே ரயில் பாதையில ஆக உயரமான நிலையம். கார் வீதி கிடையாது. புயலில ரயில் தடம்புரண்டு ஆக்கள் எல்லாம் ஹோட்டலில அடைபட்ட பிறகு கொலை. பூட்டின அறைக் கதையை ஒரு மலை முழுக்க விரிச்சு வைச்ச மாதிரி. எழுதினவ 1996, 97-ல நீதியமைச்சரா இருந்தவ.

ஆனால் முகிலரசி, கவனம். இது ஹன்ன வில்ஹெல்ம்சன் எண்ட பெண் துப்பறிவாளரின்ர வரிசையில எட்டாவது. பிரிட்டனில முதல் முதல் வந்ததோ இதுதான். ஏழாவது நாவலின்ர முடிவில என்ன நடந்தது எண்டதை இதின்ர முதல் பக்கங்களே சொல்லிப்போடும். ஏழாவது 'பியோண்ட் த ட்ரூத்', 2016-லதான் ஆங்கிலத்துக்கு வந்தது. அதுவும் கிறிஸ்மஸுக்குக் கொஞ்ச நாள் முந்தி ஓஸ்லோவில நடக்கிற கதை. ரெண்டையும் அடுத்தடுத்து வாசிச்சால் சுகமா இருக்கும்.

முகிலரசி:
இது எனக்குத் தெரியவே தெரியாது சாந்தினி, மிக்க நன்றி. '1222' பட்டியலில் முதலாவதாக இருந்தது, கீழே இறக்கிவிட்டேன். ஐஸ்லாந்து பற்றி யாராவது?

வடக்குவாசல்:
ஐஸ்லாந்தைப் பொறுத்தவரை புத்தகச் சந்தையே குளிர்காலத்தைச் சுற்றித்தான். ஆண்டின் புதுப் புத்தகங்களில் பெரும்பகுதி கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வரும். 'யோலாபோகாஃப்ளோத்' என்பார்கள், கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம். போர்க்காலத்தில் பல பரிசுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது காகிதம் கிடைத்தது, அதனால் புத்தகமே பரிசானது. புதுநூல் பட்டியல் அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் 1944-ல் தொடங்கியது.

ஆர்னால்துர் இந்த்ரிதாசனில் தொடங்குங்கள். பெயரில் ஒரு குறிப்பு. இந்த்ரிதாசன் குடும்பப்பெயர் அல்ல, இந்த்ரிதியின் மகன் என்று பொருள். நம்மூரில் தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைப்பது போல. அதனால் ஐஸ்லாந்தில் அவர் 'ஆ' வரிசையில் இருப்பார், ஆங்கிலக் கடைகளில் 'இ' வரிசையில்.

அவருடைய துப்பறிவாளர் எர்லெந்துர் வரிசையில் முதல் இரண்டு நாவல்கள் ஆங்கிலத்தில் வரவில்லை, மூன்றாவதான 'ஜார் சிட்டி'யிலிருந்து தொடங்குகிறது. இழப்பு ஒன்றுமில்லை, கதை தெளிவாகவே பிடிபடும். பின்னர் 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்', 'வாய்ஸஸ்', 'த டிரெய்னிங் லேக்', 'ஆர்க்டிக் சில்', 'ஹைப்போதெர்மியா' என்று நேராகப் போகலாம். 'ஜார் சிட்டி'யும் 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்'வும் 2002, 2003 என அடுத்தடுத்துக் கண்ணாடிச் சாவி விருது பெற்றவை. வடதேசங்களின் சிறந்த குற்ற நாவலுக்கு 1992 முதல் கொடுக்கும் விருது அது. 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்' 2005-ல் பிரிட்டனின் தங்கக் குத்துவாள் விருதையும் வாங்கியது. அடுத்த ஆண்டு முதல் மொழிபெயர்ப்புகளுக்கு அங்கே தனிப்பிரிவு வைத்துவிட்டார்கள்.

குளிர்காலம் வேண்டுமென்றால் 'வாய்ஸஸ்'. ரெய்க்யாவிக் ஹோட்டல் ஒன்றின் அடித்தள அறையில், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஹோட்டல் காவலாளி கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அடுத்தது 'ஆர்க்டிக் சில்', ஜனவரி, தாய்லாந்துத் தாய்க்குப் பிறந்த ஒரு சிறுவனின் உடல் பனியோடு உறைந்த நிலையில். குடியேறிகளை அந்தச் சிறிய சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பது அதில் நேராக வருகிறது. மொழிபெயர்ப்பாளர் பெர்னார்ட் ஸ்கடர் 2007-ல் இறந்துவிட, விக்டோரியா கிரிப் முடித்துக்கொடுத்தார்.

எர்லெந்துருக்குள் ஒரு பனிப்புயல் இருக்கிறது. சிறுவயதில் தம்பியோடு புயலில் மாட்டியவர், தம்பியின் உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாவலிலும் நாலு வரி, ஒரு பக்கம் என்று கசியும். கணக்கைத் தீர்ப்பது 'ஸ்ட்ரேஞ்ச் ஷோர்ஸ்'. அதை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் இந்தப் பத்தாண்டுக் காத்திருப்பு முழுதும் வீண்.

ராக்னர் யோனாசன் என்றால் வடகோடி சிக்லுஃப்யோர்துர் ஊர். மலைகள் சுற்றி நிற்பதால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஊருக்குள் சூரியன் விழாது. 'ஸ்னோபிளைண்ட்' அங்கேதான். பனிச்சரிவில் பாதை அடைபட, ஊர் தனித்தீவாகிறது. ஆங்கிலத்தில் இரண்டாவதாக வந்த 'நைட்பிளைண்ட்' கதைக்காலப்படி ஐந்தாண்டு தள்ளி நடப்பது. சரியான வரிசை ஸ்னோபிளைண்ட், பிளாக்அவுட், ரப்சர், வைட்அவுட், அதற்கப்புறம் நைட்பிளைண்ட். அவருடைய ஹுல்டா முப்பாகம் மட்டும் விதிவிலக்கு. அது வேண்டுமென்றே காலத்தில் பின்னோக்கி எழுதப்பட்டது, 'த டார்க்னெஸ்', 'த ஐலண்ட்', 'த மிஸ்ட்'. நேராக்கிப் படிக்கிறேன் என்று மிஸ்டிலிருந்து தொடங்காதீர்கள்.

செம்மண்:
பனி எங்கே வேலை செய்கிறது, எங்கே சும்மா திரைச்சீலையாகத் தொங்குகிறது என்று பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. வெளிச்சம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் பகல் சுமார் ஆறு மணி நேரம். கோபன்ஹேகனில் ஏழு. ரெய்க்யாவிக்கில் நாலுக்குச் சற்று மேல். ஸ்வீடனின் வடகோடி நகரமான கிருனாவில் சூரியன் அடிவானத்தைத் தாண்டுவதே இல்லை. சாட்சி ஒருவர் மாலை நாலு மணிக்கு முகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் தெருவிளக்கு எங்கே இருந்தது என்று நல்ல எழுத்தாளர் கேட்க வைப்பார்.

அடுத்தது உடல். உறைந்த உடலில் இறந்த நேரத்தைக் கணிக்கும் வழக்கமான வழிகள் எல்லாம் குழம்பிவிடும். உடல் சூடு குறைந்த கணக்கு, விறைப்பு, அழுகல், பூச்சி, எதுவும் நம்பும்படி இருக்காது. ஆகவே மருத்துவர் சொல்வதை விட்டுக் கடைசியாக யார் பார்த்தார், கதவுக்கு வெளியே செய்தித்தாள் எத்தனை கிடக்கிறது என்று விசாரணை போகும். இந்த வகை நாவல்கள் ஆய்வுக்கூடத்தை விடக் கதவு தட்டும் போலீஸைக் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது தடம். டேனிஷ் எழுத்தாளர் பீட்டர் ஹோவின் 'மிஸ் ஸ்மில்லாஸ் ஃபீலிங் ஃபார் ஸ்னோ' 1992-ல் வந்தது. கோபன்ஹேகன், மைனஸ் 18 டிகிரி, கூரையிலிருந்து விழுந்து இறந்த கிரீன்லாந்துச் சிறுவன். போலீஸ் விபத்து என்கிறது. கூரைப்பனியில் அவன் காலடிகளைப் பார்த்த ஸ்மில்லா அப்படி நினைக்கவில்லை. நாவல் மொத்தமும் அந்தத் தடத்தை வாசிப்பதிலிருந்து கிளைக்கிறது. பிற்பகுதி கப்பல் பயணம் பலருக்குப் பிடிப்பதில்லை, எனக்கும் முதல் பாதிதான். ஆனால் பனியை எழுத்தாக வாசிப்பதில் அதற்கு இணை கிடையாது.

நான்காவது ஏரி. ஓசா லார்சனின் 'அன்டில் தை ராத் பீ பாஸ்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். உறைந்த ஏரியில் துளையிட்டு, மூழ்கிக் கிடக்கும் போர்க்கால விமானத்தைத் தேடி இறங்குகிறது ஒரு ஜோடி. மேலே துளையை யாரோ மூடிவிடுகிறார்கள். இது முதல் பக்கங்களிலேயே வருவதால் சொல்கிறேன். வசந்தத்தில் பனி உருகும்போதுதான் வழக்கே தொடங்குகிறது. வரிசையில் நான்காவது, முதலாவது கிருனாவின் குளிர்காலத்தில் ஒரு தேவாலயக் கொலையோடு ஆரம்பம். அதையே முதலில் படியுங்கள்.

குமரன்_திருச்சி:
அந்த முதலாவதின் பெயர் 'சன் ஸ்டார்ம்' தானே? கடையில் 'த சேவேஜ் ஆல்டர்' என்றுதான் இருக்கிறது.

வெள்ளாறு:
இரண்டும் ஒரே புத்தகம். அமெரிக்காவில் சன் ஸ்டார்ம், பிரிட்டனில் சேவேஜ் ஆல்டர். இந்தப் பெயர் குழப்பத்தில் ஒரே நாவலை இரண்டு முறை வாங்கியவர்கள் உண்டு. டேனிஷ் எழுத்தாளர் யூசி ஆட்லர்-ஓல்சனின் கியூ பிரிவு வரிசையில் இது அதிகம். பிரிட்டனில் 'மெர்சி', அமெரிக்காவில் 'த கீப்பர் ஆஃப் லாஸ்ட் காசஸ்'. பிரிட்டனில் 'டிஸ்கிரேஸ்', அமெரிக்காவில் 'த ஆப்சென்ட் ஒன்'. பிரிட்டனில் 'ரிடெம்ப்ஷன்', அமெரிக்காவில் 'எ கான்ஸ்பிரசி ஆஃப் ஃபெய்த்'. ஆர்னால்துரின் 'ஜார் சிட்டி'க்கும் பிரிட்டனிலேயே 'டெயின்டட் பிளட்' என்று இன்னொரு பெயரில் ஒரு பதிப்பு உண்டு. இந்தியக் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்பு, அமெரிக்க நண்பர் தரும் பட்டியலோடு பொருந்தாது. வாங்குமுன் உரிமைப் பக்கத்தில் மூலத்தலைப்பைப் பாருங்கள், அது மாறாது.

மொழிபெயர்ப்பாளர் பெயரும் சில சமயம் மாறும். ஸ்டீக் லார்சனின் மூன்றையும் பெயர்த்த ரெக் கீலண்ட் என்பவர் உண்மையில் ஸ்டீவன் மர்ரி. பதிப்பாசிரியர் செய்த மாற்றங்களில் அதிருப்தி, சொந்தப் பெயர் போட மறுத்துவிட்டார். முதல் வல்லாண்டர் நாவலைப் பெயர்த்ததும் அவரே. ஸ்மில்லாவிலும் இதே கதை. அமெரிக்கப் பதிப்பில் டீனா நன்னலி பெயர், பிரிட்டிஷ் பதிப்பில் எஃப். டேவிட். இரண்டும் கிடைத்தால் நன்னலியை எடுங்கள், வாக்கியம் இறுக்கமாக இருக்கும்.

மாலதி சுந்தர்:
பேச்சுவழக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்த நாவல்களில் கடைநிலைக் காவலர் தன் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பார். ஆங்கிலத்தில் 'யூ' என்று ஒன்றே இருப்பதால் கவனிக்க மாட்டோம். ஸ்வீடிஷில் அது 'டூ', நம் 'நீ'. அறுபதுகளின் கடைசியில்தான் பதவிப்பெயரும் மரியாதைப் பன்மையும் சட்டென்று வழக்கொழிந்தன. 1967-ல் அரசு சுகாதாரத் துறையின் தலைவர் தன் ஊழியர்கள் எல்லோரிடமும் 'டூ' என்றே பேசப்போவதாக அறிவித்தது அதன் அடையாளம். மார்ட்டின் பெக் வரிசை சரியாக அந்த மாற்றத்தின் மேல் நிற்கிறது. 1965-ல் இருக்கும் விறைப்பு 1975-ல் இல்லை.

தமிழில் பெயர்ப்பவர் இங்கே திணறுவார். கமிஷனரை ஏட்டு 'நீ' என்றால் நம் காதுக்கு அவமரியாதை, 'நீங்கள், ஐயா' என்றால் ஸ்வீடன் போய்விடும். என் யோசனை, குழுவுக்குள் பெயரும் 'நீ'யும் வைத்துவிட்டு, விசாரிக்கப்படும் வயதானவர்களிடம் மட்டும் 'நீங்கள்' வைக்கலாம். படிக்கும்போதே மனதில் அப்படி மாற்றிக்கொண்டால் உரையாடலின் சூடு தெரியும்.

சட்டமும் கதையை நடத்துகிறது. ஸ்வீடனில் 1766 முதல் அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கும் உரிமை உண்டு. ஸ்டீக் லார்சன் நாவலில் பத்திரிகையாளர் யாருடைய வருமானத்தையும் முகவரியையும் சாதாரணமாக எடுப்பது அதனால்தான், ஹேக்கிங்கே தேவையில்லை. இன்னொன்று, கொலைக்கு அங்கே 25 ஆண்டுக் காலவரம்பு இருந்தது. 2010 ஜூலை 1-ல் நீக்கினார்கள். ஆனால் 1985 ஜூலைக்கு முந்தைய கொலைகளுக்கு அது பொருந்தாது. லீஃப் பேர்சனின் 'த டையிங் டிடெக்டிவ்' அந்தச் சில நாள் இடைவெளியில் விழுந்த ஒரு குழந்தையின் வழக்கு. குற்றவாளியைக் கண்டுபிடித்தாலும் தண்டிக்க முடியாது. கோடைக்கதை, உங்கள் பட்டியலுக்கு வராது முகிலரசி, ஆனால் வேறெப்போதாவது கட்டாயம்.

இந்த நாவல்கள் வந்த காலத்தில் நார்வேயில் போலீஸ் துப்பாக்கி பொதுவாக வண்டிக்குள் பூட்டியிருந்தது, எடுக்க மேலிட அனுமதி வேண்டியிருந்தது. நெஸ்போவில் ஹாரி அனுமதிக்கு அலைவது மிகையல்ல.

முகிலரசி:
இப்படிப் போட்டிருக்கிறேன். முதல் வாரம் 'ரோசன்னா', 'த லாஃபிங் போலீஸ்மேன்'. இரண்டாம் வாரம் 'ஜார் சிட்டி', 'வாய்ஸஸ்'. மூன்றாம் வாரம் 'பியோண்ட் த ட்ரூத்', '1222'. நான்கு, ஐந்தாம் வாரம் 'த ரெட்பிரெஸ்ட்', 'நெமிஸிஸ்', 'த டெவில்ஸ் ஸ்டார்', 'த ரிடீமர்'. ஆறாவது வாரம் 'த சேவேஜ் ஆல்டர்'.

ரயிலடி செல்வன்:
நான்கு நெஸ்போ இரண்டு வாரத்தில் போகாது. ஒவ்வொன்றும் ஐந்நூறு பக்கம் அளவில். 'த டெவில்ஸ் ஸ்டார்' ஓஸ்லோவின் வெயில் கொளுத்தும் கோடையில் நடப்பது வேறு. இந்தக் குளிர்காலத்துக்கு 'த ரெட்பிரெஸ்ட்' மட்டும் போதும், மற்றவற்றை வரிசை மாறாமல் அடுத்த டிசம்பருக்குள் முடித்தால் 'த ரிடீமர்' சரியான மாதத்தில் வந்து சேரும்.

வடக்குவாசல்:
'ஜார் சிட்டி'க்கும் 'வாய்ஸஸ்'க்கும் நடுவில் 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்' விட்டுப்போயிருக்கிறது. எர்லெந்துரின் மகள் ஏவா லிண்டுக்கு அதில் நடப்பது தெரியாமல் 'வாய்ஸஸ்' போகாதீர்கள். அதை நடுவில் வைத்து, பின்னால் தள்ளுவதை நெஸ்போவில் மிச்சமாகும் இடத்தில் வையுங்கள்.

செம்மண்:
அப்படியும் ஐந்தாம் வாரத்தில் இடம் இருக்கும். யோஹன் தியோரினின் 'த டார்க்கஸ்ட் ரூம்' போடுங்கள். ஓலண்ட் தீவு, கலங்கரை விளக்கத்தருகே பழைய மாளிகை, கிறிஸ்துமஸில் இறந்தவர்கள் கூடுவார்கள் என்ற நம்பிக்கை. ஸ்வீடிஷ் தலைப்பில் வரும் 'ஃபோக்' அந்தத் தீவில் பனிப்புயலுக்குச் சொல்லும் சொல். நான்கு நாவலும் நான்கு பருவம், இது குளிர்காலத்தினுடையது. முதலாவது இலையுதிர் காலம், ஆனாலும் தொடர்பு மெல்லியது, இதை நேராக எடுக்கலாம். 2009-ல் கண்ணாடிச் சாவி வாங்கியது. ராத்திரி படிக்க வேண்டிய புத்தகம்.

சாந்தினி (ஓஸ்லோ):
ஒண்டு மட்டும். '1222'-ஐ ஜனவரியில வாசிக்காமல் ஈஸ்டர் கிழமைக்கு வைச்சுப் பாருங்கோ. 'பியோண்ட் த ட்ரூத்' டிசம்பரில முடிச்சிட்டால் போதும்.

முகிலரசி:
செய்துவிட்டேன். '1222' ஈஸ்டருக்கு, 'வாய்ஸஸ்'க்கு முன்னால் 'சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்'. 'ரோசன்னா' நாளை இரவு, ஐந்து அத்தியாயம்.